மாரத்தானில் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஜனவரியில் சென்னையில் உங்கள் முதல் அரை மாரத்தான். இதுவரை செய்த பயிற்சி முழுவதும் காதில் பாட்டோடு நடந்திருக்கிறது. போட்டியன்றும் இயர்போன் போட்டுக்கொண்டு ஓடலாமா? கூட ஓடுபவர்களில் ஒருவர் தகுதிநீக்கம் செய்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார். இன்னொருவர் பாட்டும் ஊக்கமருந்து போலத்தான், அப்படி ஓடுவது நேர்மை ஆகாது என்கிறார். மூன்றாமவர் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், பேசாமல் போட்டுக்கொண்டு ஓடு என்கிறார். விதி இடம் தருகிறதா, பாட்டு உண்மையிலேயே உதவுகிறதா, பல்லாயிரம் பேரோடு ஒரே சாலையில் ஓடும்போது அது முறைதானா என்று மூன்று கேள்விகள் இதற்குள் கலந்திருக்கின்றன. முதல் இரண்டுக்கும் ஓரளவு உறுதியாகவே விடை சொல்லலாம். மூன்றாவதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன். நான் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி தருபவன். பல ஆண்டுகளாகச் சாலை ஓட்டங்களில் பாதைப் பொறுப்பையும் பார்த்துவருகிறேன். காது மருத்துவமோ சட்டமோ படித்தவன் அல்லன் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

விதியிலிருந்து தொடங்குகிறேன். உலகத் தடகள அமைப்பின் தொழில்நுட்ப விதிகளில், போட்டியாளருக்கு வெளியிலிருந்து கிடைக்கும் உதவியைப் பற்றிய விதி ஒன்று உண்டு. ரேடியோ, பதிவுக் கருவி, கைபேசி போன்றவற்றைப் போட்டி நடக்கும் இடத்தில் வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் அது அனுமதிக்கப்படாத உதவியாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நடுவர் முதலில் எச்சரிப்பார். எச்சரித்த பிறகும் தொடர்ந்தால் விலக்கலாம். இந்திய தடகளக் கூட்டமைப்பும் இந்த விதிகளையே பின்பற்றுவதால், பரிசுத் தொகைக்கும் தரவரிசைக்கும் ஓடும் வீரர் வீராங்கனையருக்கு இதில் விவாதம் கிடையாது. அவர்கள் காதில் எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் உங்களையும் என் மாணவர்களையும் போல, ஓடி முடித்துப் பதக்கம் வாங்கினால் போதும் என்று வரும் பல்லாயிரம் பேரை நடைமுறையில் கட்டுப்படுத்துவது அந்தந்த அமைப்பாளர் பதிவுப் படிவத்தோடு தரும் பங்கேற்பு விதிகள்தாம். சிலர் தடை என்றே எழுதுகிறார்கள், சிலர் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், சிலர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆகவே உங்கள் நண்பரின் பயம் வெறும் கற்பனை அன்று. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை நீங்கள் பதிவு செய்திருக்கும் ஓட்டத்தின் விதிகளைப் படித்துத்தான் முடிவுசெய்ய முடியும்.

இந்தத் தடைக்குப் பின்னால் ஒரு சிறு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் அமைப்பாளர்களின் மனநிலை புரியும். அமெரிக்கத் தடகள அமைப்பு 2007-இல், தன் அங்கீகாரம் பெற்ற சாலை ஓட்டங்களில் பாட்டுக் கருவிகளை எல்லோருக்கும் தடைசெய்தது. ஓடுபவர்களின் பாதுகாப்பு, போட்டியில் ஒருவருக்கு மட்டும் அனுகூலம் கிடைக்கக் கூடாது என்பது ஆகிய இரண்டுமே காரணமாகச் சொல்லப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் ஓடும் சாலையில் ஒவ்வொருவர் காதையும் பார்த்துக்கொண்டிருக்க எந்த அமைப்பாளராலும் முடியவில்லை. 2008-ஆம் ஆண்டின் இறுதியிலேயே விதி தளர்த்தப்பட்டு, சாம்பியன்ஷிப்புக்கும் பரிசுக்கும் ஓடாதவர்கள் விஷயத்தில் அமைப்பாளரே முடிவெடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. அடுத்த ஆண்டு மில்வாக்கி நகரில் நடந்த லேக்ஃபிரண்ட் மாரத்தானில், முன்னணியில் முடித்த ஒரு பெண், வழியில் ஒரு பகுதியில் மட்டும் ஐபாட் கேட்டதற்காக வெற்றியை இழந்தார். சாதாரண ஓட்டக்காரராக வந்து, எதிர்பாராமல் முன்னணிக்கு வந்துவிட்டால் எந்த விதி பொருந்தும் என்ற சிக்கலை அந்தச் சம்பவம் வெளிக்கொண்டுவந்தது. உள்ளூர் பத்துக் கிலோமீட்டர் ஓட்டங்களில் வயதுப் பிரிவுப் பரிசுக்கு ஓடுபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பிரிட்டன் எடுத்த வழி எனக்கு இன்னும் அறிவுடையதாகப் படுகிறது. அங்கே 2016-இல் கொண்டுவரப்பட்ட விதி பாட்டைப் பற்றிக் கவலைப்படாமல் சாலையைப் பார்த்தது. வாகனப் போக்குவரத்து முழுமையாக நிறுத்தப்படாத, நடுத்தடுப்பு இல்லாத சாலையில் நடக்கும் ஓட்டங்களில் ஹெட்போன் கூடாது என்றது. மருத்துவக் காரணத்துக்காக அணிபவர்களுக்கு விலக்கு அளித்தது. காதுத் துளையை அடைக்காமல் கன்னத்து எலும்பின் வழியே ஒலியைக் கடத்தும் கருவிகளுக்கு இடமும் கிடைத்தது. பிரச்சினை இசையில் இல்லை, அடைபட்ட காதில்தான் இருக்கிறது என்ற தெளிவு இந்த விதியில் இருப்பதாக நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பாட்டு உதவுகிறதா? உதவுகிறது, ஆனால் நம் நண்பர்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் கோஸ்டாஸ் காராஜியோர்கிஸ் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகளாக இதையே ஆராய்ந்தவர். அவரும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு, அதுவரை வந்திருந்த 139 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. உடற்பயிற்சியின்போது இசை கேட்பவர்களுக்கு அந்தப் பயிற்சி கூடுதல் இன்பமாக இருக்கிறது என்பதுதான் அதில் தெளிவாகத் தெரிந்த பலன். செயல்திறன் கூடுவதும், சிரமம் குறைவாகத் தோன்றுவதும் உண்மை. ஆனால் அவை சிறிய அளவிலான பலன்கள். இதயத் துடிப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. இதில் ஓர் ஐயத்துக்கும் இடமிருக்கிறது. மருந்து ஆய்வில் எது மருந்து, எது வெறும் மாவு மாத்திரை என்று தெரியாமல் கொடுக்கலாம். பாட்டு கேட்கிறதா இல்லையா என்பதைக் கேட்பவருக்குத் தெரியாமல் வைக்க வழியே இல்லை. பெரும்பாலான சோதனைகள் ஆய்வுக்கூடத்தில், டிரெட்மில்லிலோ நிலை சைக்கிளிலோ செய்யப்பட்டவை. கூட்டமும் கைதட்டலும் வெயிலும் உள்ள ஒரு பந்தயச் சாலைக்கு அந்தப் பலன் அப்படியே வரும் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

ஒன்றில் மட்டும் ஆய்வும் அனுபவமும் ஒத்துப்போகின்றன. ஓட்டம் மிதமாக இருக்கும்போது பாட்டு கவனத்தைத் திசைதிருப்பிச் சிரமத்தை மறக்கச் செய்கிறது. மூச்சு வாங்கி, பேச முடியாத வேகத்துக்குப் போனதும் உடல் எழுப்பும் கூக்குரலுக்கு முன் பாட்டு எடுபடுவதில்லை. 1977-இல் வில்லியம் மார்கன், மைக்கேல் பொல்லாக் ஆகிய இருவர் உயர்நிலை மாரத்தான் வீரர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. சாதாரண ஓட்டக்காரர்கள் வலியிலிருந்து மனத்தை வேறெங்காவது கொண்டுபோக முயல்கிறார்கள். உயர்நிலை வீரர்களோ மூச்சையும் காலையும் தசையையும் விடாமல் கவனித்து, அதற்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடுகிறார்கள் என்பது அதன் சாரம். பின்னால் வந்த ஆய்வுகள் இந்தப் பிரிவினை இவ்வளவு சுத்தமானதன்று, எல்லோரும் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்கிறார்கள் என்று திருத்தின. ஆனாலும் அடிப்படை எனக்குச் சரியாகவே தோன்றுகிறது. இரண்டரை மணி நேரத்தில் அரை மாரத்தானை முடிக்க எண்ணும் உங்களைப் போன்றவருக்குப் பாட்டால் கிடைக்கும் உதவி, ஒன்றேகால் மணி நேரத்தில் முடிப்பவருக்குக் கிடைப்பதைவிட அதிகம். இதை மறைத்துவிட்டு உங்களிடம் பாட்டு வேண்டாம் என்று சொல்வது நேர்மையாகாது.

ஊக்கமருந்து என்று சொன்ன நண்பருக்கு ஒரு பதில் உண்டு. எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி 1998-இல் பர்மிங்காம் உள்ளரங்கில் 2000 மீட்டர் உலக சாதனை படைத்தபோது, தன் காலடி வேகத்துக்கு ஒத்துவரும் ஒரு பாட்டை அரங்கின் ஒலிபெருக்கியில் போடச் சொல்லி அதன் தாளத்துக்கு ஓடினார். அரங்கத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. யாரும் அதை மோசடி என்று சொல்லவில்லை. நம் ஊர் ஓட்டங்களில் பாதையோரம் பறையும் செண்டையும் முழங்குவது எல்லோருக்கும் பொது. அந்த ஒலி காதில் விழுந்ததும் கால் தானாக எழும்புவதை ஓடியவர் எவரும் மறுக்கமாட்டார். பரிசுக்கு ஓடுபவர்களிடையே சமநிலை வேண்டும் என்பது சரி. தன் கடிகாரத்தோடு மட்டும் போட்டிபோடும் ஒருவர் பாட்டுக் கேட்டால் யாருக்கும் எதுவும் பறிபோகாது. ஆகவே நேர்மை என்ற கோணத்தில் உங்கள்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. முதலில் உங்கள் ஓட்டத்துக்கே வரும் நஷ்டத்தைச் சொல்கிறேன். முதல் அரை மாரத்தானைக் கெடுத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று கிலோமீட்டரிலேயே கெடுத்துக்கொள்கிறார்கள். விடியற்காலை இருட்டு, மைக்கில் அறிவிப்பு, சுற்றிலும் ஆரவாரம் என்று எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே வேகத்தைத் தூண்டிவிடும். அந்த நேரத்தில் காதுக்குள் ஒரு குத்துப்பாட்டும் சேர்ந்தால், கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஓட வேண்டியவர் ஆறேகாலில் ஓடுவார். அது அவருக்குச் சுகமாகவும் இருக்கும். அதற்கான வட்டியைப் பதினைந்தாவது கிலோமீட்டரில் கட்டுவார். உடற்பயிற்சிக்கு மக்கள் விரும்பிக் கேட்கும் பாட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 140 தாள அடி வரை உள்ளவை. ஓடுபவரின் காலடியோ நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை விழுகிறது. இரண்டும் பொருந்தாதபோது கால் தாளத்தை நோக்கி இழுபடுவதைப் பயிற்சியில் பலமுறை பார்த்திருக்கிறேன். பாட்டு மாறும்போதெல்லாம் வேகமும் ஏறி இறங்குகிறது. சீரான வேகமே நெடுந்தூர ஓட்டத்தின் உயிர்.

அடுத்தது உடலின் ஓசை. நல்ல நிலையில் ஓடுபவரின் பாதம் தரையில் மெதுவாகப் பதியும். களைத்தவரின் பாதம் சட்டப் சட்டப் என்று அறையும். நான் பயிற்சியின்போது முன்னால் ஓடிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், பின்னால் வருபவரில் யார் களைத்துவிட்டார் என்று அந்த ஓசையை வைத்தே சொல்லிவிடுவேன். அவரவர் காலோசை அவரவருக்கும் கேட்க வேண்டும். மூச்சு முறிவதும் கேட்க வேண்டும். சென்னையில் ஜனவரி விடியலில் வெப்பம் இருபதைச் சற்றுத் தாண்டித்தான் இருக்கும். ஆனால் கடற்காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழிந்துகொண்டிருக்கும். உடல் சூடு தணியாது. ஏழு மணிக்கு மேல் வெயிலும் சேரும். தலை கிறுகிறுப்பு, காரணமில்லாத குளிர், மயிர்க்கூச்சு, சொல்வது குழறுதல் எல்லாம் உடல் விடுக்கும் எச்சரிக்கைகள். பக்கத்தில் ஓடுபவரோடு இரண்டு வார்த்தை பேசும்போதுதான் பலருக்கு இவை தெரியவருகின்றன. சிரமத்தை மறக்கச் செய்வதுதான் பாட்டின் வேலை என்றால், மறக்கக் கூடாத சிரமத்தையும் அது மறக்கச் செய்துவிடும். பாட்டால் வெப்பத் தாக்கு வந்தது என்று காட்டும் ஆய்வு எதையும் ஆதாரமாக வைத்து இதைச் சொல்லவில்லை. தண்ணீர்ப் பந்தலில் நின்று வருபவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த கருத்து இது.

இனி மற்றவர்களைப் பற்றி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஓர் ஓட்டத்தில், யூ டர்ன் ஒன்றின் அருகே கூம்புகள் வைத்துப் பாதையைக் குறுக்கியிருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். பார்வையற்ற ஓட்டக்காரர் ஒருவர், தன் வழித்துணை ஓட்டக்காரரோடு கைக்குக் கை ஒரு சிறு கயிற்றால் இணைந்து, நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தார். இருவரும் அருகருகே ஓட வேண்டும் என்பதால் அவர்களுக்கு இரண்டு ஆள் அகலம் தேவை. முன்னால் ஓர் இளைஞர் பாதையின் நடுவில் இயர்போனோடு ஓடிக்கொண்டிருந்தார். “வலதுபக்கம் வர்றோம், வழி விடுங்க” என்று துணை ஓட்டக்காரர் மூன்று முறை குரல் கொடுத்தார். முன்னால் போனவர் திரும்பவே இல்லை. கயிறு இழுபட்டு, இருவரும் ஏறக்குறைய நடைக்கு வந்துவிட்டார்கள். “என்னாச்சு தம்பி?” என்று பார்வையற்றவர் கேட்டார். “ஒண்ணுமில்லண்ணா, முன்னாடி ஆளு” என்றார் மற்றவர். நான் ஓடிப்போய் அந்த இளைஞரின் கண்முன் கைகாட்டியதும் அவர் பதறிப்போய் ஒதுங்கி, இயர்போனைக் கழற்றி, மன்னிப்பும் கேட்டார். அவர் அலட்சியமானவர் அல்லர். அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் பல மாதம் பயிற்சி செய்து, ஒரு குரலை மட்டுமே நம்பி ஓடிவந்த ஒருவருடைய சீரான ஓட்டம் அங்கே அறுந்துபோனது. எந்த விதிப் புத்தகத்தையும்விட இந்தக் காட்சிதான் என் கருத்தை முடிவுசெய்தது.

சாலை ஓட்டத்தில் குரலால் நடக்கும் வேலைகள் ஏராளம் என்பது ஓடுபவர்களுக்குத் தெரிவதில்லை. ஆம்புலன்ஸ் பின்னால் வருகிறது, இடதுபுறம் ஒதுங்குங்கள் என்பது குரல். முன்னால் எண்ணெய் சிந்தியிருக்கிறது, வேகத்தடை இருக்கிறது என்பது குரல். குறுக்குத் தெருவில் போலீஸ்காரர் வண்டிகளைத் திறந்துவிடப் போகிறார் என்பதற்கு ஒரு விசில். சக்கர நாற்காலியில் வருபவர் இறக்கத்தில் எழுப்பும் எச்சரிக்கையும் குரல்தான். இருபதடி பின்னால் ஒருவர் மயங்கி விழும்போது கூட ஓடுபவர் எழுப்பும் கூச்சல் முன்னால் போகும் மருத்துவர் ஒருவரின் காதில் விழுந்தால் ஓர் உயிர் பிழைக்கலாம். நம் ஓட்டங்களில் மருத்துவர்கள் நிறையப் பேர் ஓடுகிறார்கள். 2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தான், வெப்பம் 31 டிகிரியை எட்டியதால், பாதி வழியில் நிறுத்தப்பட்டது. இனி ஓட வேண்டாம், நடந்து வாருங்கள் என்று தெருவெங்கும் ஒலிபெருக்கியிலும், வானில் பறந்த ஹெலிகாப்டரிலிருந்தும் அறிவித்தார்கள். இன்று அந்த ஓட்டத்தில் நிலைமையின் தீவிரத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய நிறங்களில் வழிநெடுகக் காட்டுகிறார்கள். எல்லா ஓட்டத்துக்கும் இது வர வேண்டும் என்பது என் விருப்பம்; நம் ஊரில் இப்போதைக்குத் தன்னார்வலரின் தொண்டையையே பெரிதும் நம்பியிருக்கிறோம்.

இதற்கு வரக்கூடிய மறுப்பு ஒன்று வலுவானது: காது கேளாதவர்களும் மாரத்தான் ஓடுகிறார்களே? ஓடுகிறார்கள், மிகச் சிறப்பாகவும் ஓடுகிறார்கள். அவர்கள் காதின் வேலையையும் கண்ணுக்குக் கொடுத்து வாழப் பழகியவர்கள். அடிக்கடி திரும்பிப் பார்ப்பார்கள், ஓரத்தில் ஓடுவார்கள், முன்னால் இருப்பவர்களின் அசைவிலிருந்தே பின்னால் நடப்பதை ஊகிப்பார்கள். இயர்போன் போட்டவர் அந்தப் பழக்கம் எதுவும் இல்லாமல் திடீரென்று காதை மட்டும் இழந்தவர். விபத்துகளைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 2004 முதல் 2011 வரை ஹெட்போன் அணிந்திருந்த பாதசாரிகள் வாகனத்திலோ ரயிலிலோ அடிபட்ட 116 சம்பவங்களைத் திரட்டிய ஓர் ஆய்வு 2012-இல் வந்தது. பாதிக்கும் மேற்பட்டவை ரயிலில் அடிபட்டவை, பத்தில் ஏழு பேர் இறந்தார்கள். இதை எடுத்துக்காட்டி மாரத்தானில் பாட்டுக் கேட்டால் சாவீர்கள் என்று எழுதுபவர்கள் உண்டு. அது சரியான வாதம் அன்று. அவர்கள் தனியே தெருவிலும் தண்டவாளத்திலும் நடந்தவர்கள். செய்தித்தாள்களிலிருந்தும் பதிவேடுகளிலிருந்தும் திரட்டிய அந்தத் தகவல், ஹெட்போன்தான் காரணம் என்று நிரூபிக்கவும் இல்லை. போக்குவரத்து நிறுத்தப்பட்ட சாலைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் நம் ஊரில் போக்குவரத்து நிறுத்தப்பட்ட சாலை என்பது எவ்வளவு தூரம் உண்மை என்பது உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் கூம்பு வரிசை, மறுபக்கம் பேருந்து; இடையில் தடுப்பை நகர்த்திவிட்டு வரும் பால் வண்டி; எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டர். இங்கே பிரிட்டன் விதியின் நியாயம் அப்படியே பொருந்துகிறது.

ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை, அது இரண்டு காதுகளையும் எட்டும் நேரத்திலும் அளவிலும் உள்ள நுண்ணிய வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை கண்டுபிடிக்கிறது. ஒரு காதை அடைத்துவிட்டால் ஹாரன் கேட்கும். வலமா இடமா என்பது தடுமாறும். தடுமாறி ஒதுங்குபவர் தவறான பக்கம் ஒதுங்குவார். வெளியொலியை முழுதாக அழிக்கும் வசதியுள்ள இயர்பட்ஸ் பந்தயத்தில் எந்தக் காரணம் கொண்டும் கூடாது. எலும்பு வழிக் கருவியும், காதுக்கு வெளியே தொங்கும் திறந்த வகையும் எவ்வளவோ மேல். அதிலும் ஓர் எச்சரிக்கை: காது திறந்திருந்தாலும் மனம் பாட்டில் மூழ்கியிருந்தால், காதில் விழும் ஒலி மனத்தில் ஏறாமல் போவது உண்டு, கவனம் வேறொன்றில் முழுதாகப் பதிந்திருக்கும்போது கேட்கக்கூடிய ஒலியும் கேட்காமல் போவது ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்ட உண்மை. ஒலியளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். பழைய மகாபலிபுரம் சாலையின் இரைச்சலுக்கு மேல் பாட்டைக் கேட்க வேண்டுமென்று 94 டெசிபலுக்கு ஏற்றினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. உங்கள் ஓட்டமோ இரண்டரை மணி நேரம்.

ஆகவே என் தீர்மானமான கருத்து: உங்கள் முதல் அரை மாரத்தானை இயர்போன் இல்லாமல் ஓடுங்கள். அமைப்பாளர் தடை செய்திருந்தால் பேச்சே வேண்டாம். அதை மீறுவது, இருட்டில் நான்கு மணிக்கு வந்து உங்களுக்காகத் தெருமுனையில் நிற்கும் தன்னார்வலரின் வேலையைக் கடினமாக்குவது. தடை இல்லாமல், சாலையும் உண்மையாகவே முழுதும் அடைக்கப்பட்டிருந்து, பாட்டு இல்லாவிட்டால் பதற்றத்தில் ஓடவே முடியாது என்ற நிலை உங்களுக்கு இருந்தால் (சிலருக்கு அப்படி இருக்கிறது, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை), திறந்த வகைக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் போடாதீர்கள், கூட்டம் பிரிந்து, பதினைந்தாவது கிலோமீட்டரைப் போலத் தனிமை வரும் இடத்தில், பக்கத்தில் ஓடுபவரின் சாதாரணப் பேச்சு கேட்கும் அளவில் மட்டும் வையுங்கள். சாலை ஓரமாக ஓடுங்கள். தண்ணீர்ப் பந்தலுக்கும் யூ டர்னுக்கும் முன்னால் நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவு நாள் பாட்டோடு ஓடிவிட்டு அன்று மட்டும் இல்லாமல் ஓடினால் கால் நகராதே என்ற உங்கள் பயம் நியாயமானது. அதனால் அதைப் போட்டியன்று முதல்முறையாகச் செய்துபார்க்காதீர்கள். இப்போதிலிருந்தே, ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூர ஓட்டத்தின் முதல் பாதியைப் பாட்டு இல்லாமலும் மறுபாதியைப் பாட்டோடும் ஓடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அதைத் தலைகீழாக மாற்றுங்கள். கடைசி இரண்டு நெடுந்தூர ஓட்டங்களைப் பாட்டே இல்லாமல் ஓடுங்கள். வாரநாட்களின் சுலபமான ஓட்டங்களுக்கும் டிரெட்மில்லுக்கும் பாட்டு இருக்கட்டும், அதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. தாளம் தேவைப்படும் இடத்தில் மூச்சையே தாளமாக்கிக்கொள்ளலாம்: மூன்று காலடிக்கு மூச்சை உள்ளே இழுத்து, இரண்டு காலடிக்கு வெளியே விட்டுப் பழகுங்கள், ஏற்றத்தில் அது இரண்டுக்கு ஒன்று என்று சுருங்கும். போட்டியன்று இரண்டரை மணி நேரப் பலகையைத் தூக்கிக்கொண்டு, அந்த நேரத்தில் முடிக்கும்படி சீராக ஓடி வழிகாட்டும் பேஸரைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து அவர் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தில் ஓயாமல் பேசிக்கொண்டே வரும் ஒருவர் எப்போதும் இருப்பார், அவர் பக்கத்தில் ஓடுங்கள். அவருக்குப் பதில் சொல்ல உங்களுக்கு மூச்சு இருக்கும்வரை உங்கள் வேகம் சரியாகத்தான் இருக்கிறது. பதில் ஓரிரு சொல்லாகச் சுருங்கத் தொடங்கினால் கிலோமீட்டருக்குப் பத்து விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள்.